பழம் விழும் நேரம்

டான் இன்யாட்சியோ ஆய்வுக்கூடத்துக்கு வந்தது
செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு வேளையில்.
அங்கியின் ஓரமெல்லாம் சாம்பல்.
குடையை வாசலில் உதறினார்.
மழை இல்லை; எட்னா மூன்று நாளாகக்
கரும்பொடி தூவிக்கொண்டிருந்தது.

"ஒர்னெல்லா, குழம்பு எப்போது நிற்கும்?"
உட்காராமலே கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
பனம்பழம் விழும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு
காக்கையை உட்கார வைக்கப் பார்க்கிறார் மனிதர்.
தொண்ணூறு வருஷத்துக்கு முன்
எங்கள் ஊரில் அப்படித்தான் ஒரு காக்கை உட்கார்ந்தது.
புனித பார்பராவின் சிலையைத் தூக்கிக்கொண்டு போனார்கள்,
நெருப்பு கிணற்றடியில் நின்றுவிட்டது.
அங்கே பளிங்குக் கல் நட்டுத்
தேதி பொறித்திருக்கிறார்கள்.
அதற்கு முந்தின இரவு
மலையின் மறுபக்கம் புதிதாய் ஒரு வாய் திறந்ததை
யாரும் பொறிக்கவில்லை.
நான் கட்டுரையாக எழுதினேன்.
அந்த வருஷம் முழுக்க அம்மா என்னோடு பேசவில்லை.

திரையைக் காட்டினேன்.
நடுக்கக் கோடு இறங்குவதாக இல்லை.
மணிக்குப் பதினோரு மீட்டர்.
வியாழன், ஹேசல்நட் தோப்பு.
வெள்ளி மாலை, தெரெசினா லிகாட்சியின் வீடு.
ஞாயிறு விடிகாலை, உங்கள் கோவில்.
"குறைகிற அறிகுறி தெரிந்தால் ஃபோன் செய்கிறேன்,
அன்றைக்கு எடுங்கள் சிலையை."
குரலில் கொஞ்சம் விஷம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

பழைய ரசீதின் பின்பக்கம் குறித்துக்கொண்டார்.
"அப்படியானால் வெள்ளிக்கிழமை நிற்காது?"
"நிற்காது."
"நிச்சயமா?"
"எண்பத்தைந்து சதவீதம்."
"என் நிச்சயத்தைவிட அது அதிகம்" என்று
குடையை எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமையே எடுத்துவிட்டார்கள்.

நான் அங்கேதான் இருந்தேன்,
தலைக்கவசமும் வெப்பமானி கோத்த நீளக் கம்பியுமாக.
குழம்பு ஓடி வரும் என்று நினைப்பவர்கள்
அதைப் பார்த்ததில்லை.
பீங்கான் கடை ஒன்று மெதுவாக, மிக மெதுவாக
மாடிப்படி இறங்குகிற சத்தம்.
நடுவில் ஒரு கல் பிளக்கும்.
உள்ளே சிவப்பு.

பத்துப் பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள்.
பேண்டு வாத்தியம் இல்லை.
பார்பராவுக்கு ஒட்டுப்போட்ட மூக்கு;
கன்னத்துச் சாயம் சூட்டில் கொப்பளித்தது.
வழிமறித்தேன்.
"நிற்காது என்று சொன்னேனே!"

"சொன்னாய்" என்றார், இருமிக்கொண்டே.
"தெரெசினா தனியாகப் பார்க்க வேண்டாமே என்றுதான்."

அவள் மிஞ்சிய ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.
பக்கத்தில் சிலையை இறக்கி வைத்தார்கள்,
இன்னொரு அண்டைவீட்டுக்காரியைப் போல.
நெருப்பு தொடுவதற்கு முன்பே
திராட்சைக் கொடி பற்றிக்கொண்டது.
பிறகு சமையலறைச் சுவர்.

என் குறிப்பேட்டில் இருக்கிறது:
18.40. சுவர் விழுந்தது. 1071 டிகிரி.
கட்டங்களுக்கு வெளியே, என் கையெழுத்துத்தான்:
கதவைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறாள்.
சாவி கையில்.

பலெர்மோவில் ஒரு கருத்தரங்கில்
இரண்டும் ஒத்துப்போகுமா என்று கேட்டார்கள்.
போகாது என்று நாற்பது நிமிடம் பேசினேன்.
அதில் ஒரு வரியையும் நான் திரும்பப் பெறவில்லை.

சனி இரவு நின்றது,
கோவிலுக்கு நூறடி முன்னால்.
ஏன் என்று எனக்குத் தெரியும், எழுதுவேன்.
பார்பரா ஒரு நாள் தாமதம் என்று
காப்பிக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

மறு மாதம் கல் செதுக்குகிறவன் என்னைத் தேடி வந்தான்.
"பாதிரியார் வெள்ளிக்கிழமைத் தேதியைப் போடச் சொல்கிறார்.
வயசாகிவிட்டது, குழப்பமோ என்னவோ.
நீங்கள் சொல்லுங்கள், எந்த நாள்?"

குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன்,
பார்க்கத் தேவையில்லை என்றாலும்.

"வெள்ளிதான்" என்றேன்.
"மணியையும் போடு.
ஆறு நாற்பது."